பின்னும் பின்னலும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். வீடியோ ஒயர் விஷயத்தில் ஆடைதான் முக்கால் பங்கு! எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன் நண்பர்களே.

1983-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 'ஃபேமிகாம்' என்ற வீடியோ கேம் பெட்டியை வெளியிட்டது. தொண்ணூறுகளில் நம்ம பக்கம் 'டிவி கேம்' என்று விற்றவை பெரும்பாலும் அதன் நகல்கள்தான். மாமா வைத்திருந்த ஒன்று போன வருஷம் எங்கள் ஆர்.கே.பேட்டை வீட்டுப் பரணில் கிடைத்தது. கேசட் இருந்தது, அடாப்டர் இருந்தது, ஏவி ஒயர் மட்டும் இல்லை. டிவிக்குக் கவலையில்லை. 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த இலவச 14 இன்ச் கலர் டிவி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

கடைத்தெருவில் ஒரு ஒயர் வாங்கினேன். பின் தங்கம் மாதிரி தகதகத்தது. படமோ அலையடித்தது! தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக மழை. "மிஷின் பழசுப்பா, தூக்கிப் போடு" என்றார்கள் எல்லோரும்.

லேப் புத்தி சும்மா இருக்குமா? ஒயரை அறுத்துப் பார்த்தேன். நடுக்கம்பியைச் சுற்றிப் பேருக்கு நாலு இழை. அவ்வளவுதான்! நல்ல வீடியோ ஒயர் கோஆக்ஸியல் வகை. நடுவில் கம்பி, அதன் மேல் இன்சுலேஷன், அதற்கு மேல் செம்புப் பின்னல். சிக்னல் திரும்பிப் போகும் வழியும் அந்தப் பின்னல்தான், வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசமும் அதுதான்.

இன்னொன்று. "75 ஓமா?" என்று கேட்டு மல்டிமீட்டரை நீட்டாதீர்கள். அந்த 75 மல்டிமீட்டரில் வராது. ஒயரின் இண்டக்டன்ஸைக் கெபாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது அது. ஆறடி ஒயரில் அது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கவசமும் சால்டரும் சரியில்லை என்றால் உடனே தெரியும்.

ஒரு ஞாயிறு விட்டு மறுநாள், அப்பாவும் நானும் திருத்தணியில் லோக்கல் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ஒயர்களின் முனையை உரித்துக் காட்டினார். நான் விலையைப் பார்த்தேன். மூன்றாவதோடு படிப்பை நிறுத்திய அப்பா, செம்புப் பின்னலை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது சல்லாத் துணிடா, சந்து தெரியுது. அதுல இழை நெருக்கமா இருக்கு. அதையே வாங்கு."

"பெரியவர் எந்த கம்பெனில இருக்கீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தறியில."

அப்பா 'நெருக்கம்' என்றதைத்தான் கேபிள் கேட்டலாக்கில் 'கவரேஜ்' என்று சதவீதத்தில் போடுகிறார்கள்! முப்பது வருஷம் பாவும் ஊடையும் பார்த்த கண்ணுக்குக் கேட்டலாக் தேவைப்படவில்லை.

அவர் காட்டியது ஆர்ஜி-59 ஒயர். அதில் இரண்டு மெட்டல் பின் வைத்து வீட்டிலேயே சால்டர் செய்தேன். அலை நின்றது, மழையும் நின்றது. எழுத்தின் ஓரத்தில் கலர் கசிவது மட்டும் போகவில்லை. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் வரும் கோளாறு அது. எந்த ஒயரும் அதைத் தீர்க்காது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் அன்று ரிச்சி தெருவில் எனக்கு வாத்தியார் அப்பாதான்.

ஆகவே நண்பர்களே, பின்னைப் பார்த்து மயங்காதீர்கள், பின்னலைப் பாருங்கள். பார்க்கத் தெரியவில்லையா? ஒயரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அப்பா தறியில்தான் இருப்பார்!