இரண்டு கன்னம், ஒரே மரபணு

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால், மரபணுவைப் படித்து, நமக்கென்றே சுருக்கம் போக்கும் கிரீம் தருகிறார்கள். நாற்பதைத் தாண்டிய எனக்கு அதை வாங்கித்தர மகள் ஆசைப்பட்டாள். எனக்கும் ஆசைதான். முகம் தளர்வதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பணம் கட்டும் முன் இருவரும் உட்கார்ந்து படித்தோம். தோலின் முதுமையில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. எம்.எம்.பி.1 என்ற மரபணு, தோலைத் தாங்கும் கொலாஜனை வெட்டும் நொதியை உண்டாக்குகிறது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த நொதி பெருகுகிறது.

2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த படத்தை மகள் காட்டினாள். 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. புற ஊதா ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும்.

என் கணவர் மீஞ்சூரிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நம் ஊரில் டிரைவர் சீட் வலப்பக்கம். ஷேவ் செய்யும்போது அவர் வலது கன்னத்தை மட்டும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்வார். இல்லையென்றால் கோடுகளுக்குள் பிளேடு போகாது. கதவில் சாய்த்து வைக்கும் வலது முழங்கையும் இடதைவிடக் கறுத்துத் தடித்திருக்கிறது. இரண்டு கன்னத்திலும் ஒரே மரபணுதான். வேறுபாடு வெயிலில் இருக்கிறது.

வெயிலைத் தடுக்க வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்போர் ஊரில் 903 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, நாலரை வருஷத்தில், இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு.

பரிசோதனைக்கு வைத்திருந்த பணத்தில் மூன்று பேருக்கும் சன்ஸ்கிரீன், கணவருக்கு முழுக்கைச் சட்டைகள் வாங்கினோம். "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்றார். "உங்க வலது கன்னத்தைக் கேளுங்கப்பா" என்றாள் மகள். இப்போது டியூப் லாரியிலேயே இருக்கிறது.

துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வெயிலில் வரிசைகட்டி நிற்கும் டிரைவர்களுக்கு இது அழகுச் சாமான் அல்ல, வேலைப் பாதுகாப்பு. லாரி முதலாளிகள் டீசல் செலவோடு இதையும் சேர்த்துக் கணக்கு எழுத வேண்டும்.