உப்பேறிய செய்தி

மீட்டர் 12 வோல்ட் என்றது, பம்பு அசையவில்லை. தூத்துக்குடியிலிருந்து வான்தீவுப் பக்கம் போகிற படகு. ஆழம் குறைந்தால் அவுட்டிரைவைத் தூக்கவேண்டும், இல்லையேல் புரொப்பெல்லர் பாறையில் மோதும். தூக்குவது அந்தப் பம்புதான். வயரைக் கீறினேன். உறைக்குள் செம்பு பச்சையாகப் பொடிந்திருந்தது. மிஞ்சிய ஓரிழை மீட்டருக்குப் போதும். பம்பு மின்சாரம் கேட்ட கணத்தில் வோல்ட் சரிந்தது. சுமையேற்றாமல் அளந்தால் எல்லாமே சரி (நான் விமர்சகர்களைச் சொல்லவில்லை).

கோணம் காட்டும் முள் வேறு சங்கதி. தனி சென்சார், தனிக் கம்பி. பம்பு ஓடினாலும் முள் தூங்கலாம். 1961இல் இங்கு நடந்த கடைசி முத்துக்குளிப்புவரை, கடலடியிலிருந்து சேதி சொல்ல ஒரு கயிறுதான். அசைந்தால் இழுக்கவேண்டும். அதை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்பார்கள்: தன் தங்கையின் தாலி அல்லவா?

புது வயரில் பம்பு உறுமியது. அவுட்டிரைவ் முழுக்க மேலே. முள் இன்னும் கீழே என்கிறது.