எங்கே தூங்கலாம்?

பிரிட்டனில் மலை நடைக்குக் கிளம்பிய டெல்லி நண்பர் ஒருவர், கூடாரம் அடிப்பதற்கான விதிகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்து பழகியவர். அங்கேயும் ஏதாவது ஓர் அலுவலகம், ஒரு முத்திரை இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஸ்காட்லாந்தில் முத்திரையே வேண்டாம். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பிறர் நிலத்தில் நடக்கலாம், சிறு கூடாரம் போட்டுத் தங்கலாம். உள்ளூர்க்காரரா, வெளிநாட்டவரா என்ற கேள்வி இல்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்கக்கூடாது. வீடுகளையும் பயிர் நிலங்களையும் விட்டு விலகியிருக்க வேண்டும். குப்பையைச் சுமந்தே திரும்ப வேண்டும். லாக் லோமண்ட் ஏரிப் பகுதி மட்டும் விலக்கு. 2017 முதல் அங்கே குறிப்பிட்ட இடங்களில், மார்ச் தொடங்கி செப்டம்பர் வரை பெர்மிட் கட்டாயம்.

தெற்கே இங்கிலாந்துக்குள் வந்தால் கதை தலைகீழ். பொதுவாக நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். டார்ட்மூரின் பொது மேய்ச்சல் நிலங்களில் மட்டும் கேட்காமலே தங்கும் வழக்கம் உண்டு. அங்கேயும் எல்லா இடத்திலும் அல்ல. தேசியப் பூங்கா நிர்வாகத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கமும் கோர்ட்டுக்குப் போனது. 1985ஆம் ஆண்டுச் சட்டம், திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக மக்கள் நடந்தும் குதிரையிலும் வரலாம் என்கிறது. தூங்குவது பொழுதுபோக்கா? இல்லை என்றது உயர் நீதிமன்றம், 2023 ஜனவரியில். ஆம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், அதே ஜூலையில். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தமிழ் எம்.ஏ.வுக்கு இங்கேதான் வேலை வந்தது. 'நடந்தும் குதிரையிலும்' என்பது வருவதைக் குறிக்கிறதா, பொழுதுபோக்குவதையா? ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. தமிழில் அந்தச் சொற்களை எந்த வினையோடு சேர்ப்பது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். 'நடந்து பொழுதுபோக்க' என்றால் உட்கார்ந்தாலே வம்பு. 'நடந்து வர' என்றால் வந்த பின் படுக்கலாம். நீதிபதிகள் சொன்னதும் இரண்டாவதைத்தான்.

டார்ட்மூரில் நிலத்துக்காரர்கள் வழக்காடியும் மக்களின் உரிமையைப் பறிக்க முடியவில்லை. லாக் லோமண்ட் கரையில் அந்த உரிமை சுருங்கியதற்கு எந்த நிலத்துக்காரரும் காரணமில்லை. தங்கியவர்கள் விட்டுச் சென்ற குப்பையும் வெட்டி எரித்த மரங்களும்தான் காரணம்.