தெருப் பெயர் இல்லாத ஊரிலிருந்து

நிஷிகசாய், டோக்கியோ
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகியும் நீங்கள் திண்ணையைத் தாண்டுவதில்லை, டாக்டர் நடக்கச் சொன்னதைக் கேட்பதில்லை என்று தம்பி போனில் சொன்னான். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். 31 வருஷம் தபால்காரராக ஊர்க் கடிதங்களைச் சுமந்த உங்களுக்கு நிதானமாகப் படிக்க ஒரு கடிதம் வரட்டும்.

வந்த புதிதில் எனக்கும் வாசல் தாண்டப் பயமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை காலையில் தோசாய் லைன் ரயிலைப் பிடித்தால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். குழந்தையும் நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் எண்ணிக்கொண்டிருப்போம். ஒருநாள் நீங்கள் சொல்வது ஞாபகம் வந்தது. “புது பீட் கொடுத்தா முதல் வாரம் சைக்கிளைத் தொடக் கூடாது. நடந்தாத்தான் எந்த வீட்ல நாய் இருக்கு, எந்த வீட்ல பாட்டி மணியார்டருக்குக் காத்திருக்கான்னு தெரியும்.” அன்றே பேரனைக் குழந்தை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நிஷிகசாய்தான் என் பீட் என்று வைத்துக்கொண்டேன்.

அப்பா, இந்த ஊரில் பட்டுவாடா எப்படி என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பெரிய சாலைகளை விட்டால் தெருக்களுக்குப் பெயரே கிடையாது. நம் கும்பகோணத்துப் பெரிய கடைத்தெரு, மேலக்காவேரி என்பது மாதிரி சொல்ல முடியாது. ஊரைச் ‘சோமே’ என்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சோமேயையும் சிறு மனைத்தொகுதிகளாக்கி எண் கொடுத்திருக்கிறார்கள். பிறகு அந்தத் தொகுதியைக் கோயிலை வலம் வருவது போலச் சுற்றிக் கட்டடங்களுக்கு எண். 1962-இல் வந்த சட்டம் இது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறு தொகுதி என்பதால் எதிரெதிர் வீடுகளின் எண்களுக்குச் சம்பந்தமே இருக்காது. சில நேரம் அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களுக்கு ஒரே எண்ணும் வந்துவிடும்.

இது புரியாமல் இரண்டாம் நாளே வழி தவறினேன். போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கம் ‘கோபான்’ என்று ஒரு சின்னப் போலீஸ் சாவடி இருக்கிறது. வழி சொல்வதும் தொலைந்த பொருளை வாங்கி வைப்பதும் அவர்களுடைய அன்றாட வேலை. அங்கிருந்த இளைஞர் வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய பெரிய வரைபடப் புத்தகத்தை விரித்து, நான் காட்டிய எண்ணின் மேல் விரல் வைத்து, ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மறுநாளிலிருந்து அதன் மேலேயே ஒவ்வொரு கடையாகக் குறித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் குறித்தது தபாலாபீஸ். இரண்டு கிடைக்கோடு, அவற்றின் கீழே ஒரு கால், இதுதான் ஜப்பான் தபாலின் சின்னம். எங்கே பார்த்தாலும் நம் ஊர் சிவப்புப் பெட்டியைப் பார்த்த மாதிரி மனசு நிறையும். நவீன தபால் சேவையை 1871-இல் இங்கே தொடங்கிய மயெஜிமா ஹிசோகாவின் படம் 1 யென் தபால்தலையில் இன்றும் இருக்கிறது. நம் பின்கோடு ஆறு இலக்கம், இங்கே 1998 முதல் ஏழு. தபால்காரர்கள் சிவப்பு நிறச் சின்ன மோட்டார் பைக்கில் வருகிறார்கள். 2021 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் சாதாரணத் தபால் பட்டுவாடா கிடையாது. வாரம் இரண்டு நாள் ஓய்வு என்று கேட்டதும், தீபாவளிக்கு முந்தைய நாள் இரவுவரை நீங்கள் வாழ்த்து அட்டை பிரித்துக்கொண்டிருந்ததுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது ஒரு டோஃபு கடை. வயதான தம்பதி நடத்துகிறார்கள். விடியற்காலையிலேயே சோயா அரைத்துக் காய்ச்சிவிடுவார்கள். தொட்டித் தண்ணீரில் வெள்ளைக் கட்டிகள் மிதக்கும். துணியில் வடித்து அழுத்தியது ‘மோமென்’, வழுவழுவென்று இருப்பது ‘கினு’. பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்கு ‘ஓக்காரா’ என்று பெயர். பார்த்தால் தேங்காய்த் துருவல் போலிருக்கும். முதல் தடவை அந்த அம்மா ஒரு பை நிறைய ஓக்காராவைக் காசு வாங்காமல் கொடுத்தார். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, பீன்ஸ் சேர்த்து உதிர் உதிராகப் பிரட்டினேன். அம்மா செய்யும் பருப்பு உசிலிக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது! மறுநாள் ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் கடுகை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். இப்போது நான் வாசலில் நின்றாலே உள்ளே போய்ப் பையை எடுத்து வருகிறார். எங்களுக்குள் பொதுவாக இருபது வார்த்தை கூடத் தேறாது. ஆனாலும் எங்கள் பேச்சு நின்றதில்லை.

கீரை கிடைக்கிறதா என்று கேட்டீர்களே, இந்த எடோகவா வார்டின் சொந்தக் கீரையே ஒன்று உண்டு. கொமட்சுனா என்று பெயர். 1719-இல் வேட்டைக்கு வந்த அப்போதைய ஆட்சியாளர் ஷோகுன் யோஷிமுனே இந்தக் கீரை போட்ட சூப்பைக் குடித்து மகிழ்ந்து, கொமட்சு ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார் என்று இங்கே கதை சொல்கிறார்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் சிலர் அதைப் பயிரிடுகிறார்கள். நடந்து போகும்போது ஒரு தோட்டத்து வாசலில் மரத்தட்டைக் கண்டேன். கீரைக்கட்டு, பக்கத்தில் ஒரு டப்பா. விற்க ஆள் கிடையாது. கட்டை எடுத்துக்கொண்டு 100 யென்னை டப்பாவில் போட வேண்டியதுதான். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் உங்கள் பேரன் இன்னொரு கரண்டி கேட்கிறான்.

பொதுக் குளியல் வீடும் ஒன்று இருக்கிறது, ‘சென்டோ’. கட்டணத்தை டோக்கியோ நிர்வாகமே நிர்ணயிக்கிறது, பெரியவர்களுக்கு 550 யென். சுவரில் ஃபுஜி மலையின் பெரிய ஓவியம். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் பொதுத் தொட்டிக்குள் இறங்கலாம். முதல் தடவை கூச்சமாக இருந்தது. உள்ளே பாட்டிகள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டுக்கொண்டு பேசுவதைப் பார்த்ததும் பகவத் படித்துறையில் அம்மாவும் அத்தையும் குளித்தது கண்ணுக்குள் வந்தது. வெந்நீருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே வந்தபோது மனசு லேசாகிவிட்டது.

நடந்ததால் தெரிந்துகொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வார்டில் சுமார் 70 சதவீத நிலம், கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. 2019-இல் வார்டு அலுவலகம் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையில், இங்கே இருக்கக் கூடாது என்றே அச்சிட்டிருந்தார்கள். பெரும் புயல் வருமென்றால் முன்கூட்டியே மேடான ஊர்களுக்குப் போய்விட வேண்டும் என்று பொருள். அது முடியாமல் போனால் எந்தப் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போவது, எத்தனை நிமிஷம் ஆகும் என்று பேரனோடு நடந்து பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பது நிமிஷம். உங்களுக்குக் கவலை வேண்டாம்.

திங்களன்று தவிர மற்ற நாட்களில் கியோசென் பூங்காவுக்குப் போகிறோம். அங்கே வார்டு நடத்தும் சின்ன விலங்குப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. சிவப்புப் பாண்டாவையும் பென்குயினையும் பார்த்தால்தான் பேரனுக்கு அன்றைய நாள் முடிந்தது. வழியில் மருந்துக்கடைப் பெண் கையசைப்பார். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்துக் கையேடு உண்டு. வாங்கும் மருந்தையெல்லாம் அதில் குறித்துவிடுகிறார்கள். பேரனுக்கு எந்த மாத்திரையால் தடிப்பு வந்தது என்று என்னை முந்திக்கொண்டு அவரே டாக்டருக்கு நினைவூட்டினார். அன்றுதான் இந்த ஊரில் என் பிள்ளையை இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறார் என்ற தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது அப்பா. அதை எனக்குக் கொடுத்தது நீங்கள் சொல்லித்தந்த நடை. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை வாசலிறங்கி முதல் வீடுவரை மட்டும் போய்வாருங்கள். மறுநாள் அதற்கடுத்த வீடு. தம்பி கூட வரட்டும். உங்கள் பழைய பீட்டில் எந்தக் கடை இருக்கிறது, எது பூட்டிக்கிடக்கிறது, மணியார்டருக்குக் காத்திருந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த கும்பகோணம் உங்கள் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பார்த்ததுதான். மிச்சத்தையும் உங்கள் கையெழுத்தில் படிக்க வேண்டும்.

நான் வரைந்த வரைபடத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். டோஃபு கடையைச் சிவப்பில் குறித்திருக்கிறேன். பதில் எழுதும்போது 134-0088 என்ற எண்ணை மட்டும் தெளிவாக எழுதுங்கள். மற்றதை இந்த ஊர்த் தபால்காரர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் அன்பு மகள்