மேற்கு மலைக்கு ஒரு வேட்டைப் பயணம்



திருத்தங்கலில் எந்த மாடி வீட்டின் மொட்டைத் தளத்தில் நின்று மேற்கே நோக்கினாலும், கரிசல் வெளிக்கு அப்பால் நீலக்கோடு இழுத்தாற்போல் ஒரு மலைத்தொடர் தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலை வேளைகளில் அதன் மடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம். நாம் ஐவேளையும் முகம் திருப்பி நிற்கும் திசையும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் ஆண்டு முழுவதும் காகிதமும் மருந்தும் திரியுமாக உழைத்துக் களைக்கும் நம் பகுதி மக்களில் அம்மலைக்குள் காலடி வைத்தவர்கள் மிகச் சிலரே என்பது என் கணிப்பு. கண்ணெதிரே இருந்தும் அது நமக்கு அந்நிய நாடுதான்.

தீபாவளி முடிந்து ஆலைகளுக்குச் சில வாரம் விடுமுறை விடப்படுகிறபோது, எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் அண்ணன்மார் சிலர் ஒரு திட்டத்தோடு என்னிடம் வருவதுண்டு. வேட்டைக்குப் போக வேண்டுமாம்! "ஹஜ்ரத், நாயும் நம்ம மாவட்டத்து நாய், மலையும் நம்ம மாவட்டத்து மலை, மார்க்கத்திலும் ஆகுமானது, அப்புறம் என்ன தடை?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. இது உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கக்கூடிய கேள்வியே.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்றாக இடம்பெற்றது. மெலிந்து நீண்ட சிப்பிப்பாறை நாயோ முயலைத் துரத்துவதில் காற்று. ஆனால் முன்னதன் புகழெல்லாம் பன்றியால் வந்தது. அந்த இறைச்சியால் நமக்கு என்ன பயன்?

மார்க்கம் வேட்டையை அனுமதிக்கிறது என்பதும் உண்மையே. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை, இறைவனின் பெயர் கூறி உண்ணலாம் என்பது மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனத்தால் விளங்குவது. எனினும் அனுமதியோடு நிபந்தனைகளும் வருகின்றன. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்த செய்திகள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. நாய் தானே தின்றுவிட்டால் அது தனக்காகப் பிடித்தது, நாம் உண்ணலாகாது. எறிந்த கோல் கூர்முனையால் தைத்தால் ஆகும். அதன் தட்டையான பக்கம் மோதிச் செத்தால் அது அடிபட்டுச் செத்ததே, ஆகாது. (துப்பாக்கி ரவை எதில் சேரும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அந்த வாதத்துக்கு இது இடமன்று.)

இந்த மஸ்அலாவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இக்காலத்தில் திருட்டு வேட்டையாடுவோர் பலரும் கையாள்பவை சுருக்குக் கம்பியும் மின்வேலியும் அவுட்டுக்காயும்தான். கழுத்து நெரிந்தும் மின்சாரம் பாய்ந்தும் வெடித்தும் அறுபடாமலே செத்த பிராணி, ஹலாலான இனமாயினும் நமக்குச் செத்த பிணமே. அவுட்டுக்காயைப் பற்றி வெடிமருந்தோடு வாழும் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பழத்திலோ மாவிலோ வெடிமருந்தை மறைத்துக் காட்டோரத்தில் வைத்துவிடுவார்கள். பன்றிக்கு வைத்ததைப் பன்றிதான் கடிக்கும் என்று யார் உறுதி கூற முடியும்? 2020ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று இப்படி வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்தது. வலி தாளாமல் வெள்ளியாற்று நீரில் இறங்கி நின்றபடியே 27ஆம் தேதி உயிர் விட்டது. குழந்தைகள் கைதட்டி மகிழ மத்தாப்புச் செய்யும் கைகளுள்ள ஊர் நம் ஊர். அந்த மருந்தில் ஒரு சிட்டிகையும் மலையேறக் கூடாது.

இனி மலைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு, சாம்பல் நிற அணிலைக் காக்கவென்று 1988இல் சரணாலயமாக்கப்பட்டது. 2021இல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழகத்தில் அது 5ஆவது காப்பகம். இம்மலைகளின் மறுபுறம் பெரியாறு ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934லேயே சரணாலயமாக அறிவித்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைக்கூட வேட்டையாட இயலாது. சரணாலயத்துக்குள் வேட்டையாடியது மெய்ப்பிக்கப்பட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விளைநிலத்தை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கும் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளருக்கே அனுமதி, அதுவும் காட்டிலிருந்து தொலைவில் மட்டும்.

"மார்க்கம் ஆகுமாக்கியதைச் சட்டம் தடுக்கலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். அவரிடம் நான் மக்காவைப் பற்றிச் சொன்னேன். அப்புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமன்று, அதை விரட்டுவதும் அங்குள்ள மரத்தை வெட்டுவதும்கூடத் தடை. மதீனாவுக்கும் அத்தகைய எல்லை உண்டு. இஹ்ராம் அணிந்தவரின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவிலேயே வேட்டைப் பிராணிகள் வருவது இறைவனின் சோதனை என்று மாயிதாவின் 94ஆவது வசனத்திலிருந்து அறிகிறோம். கைக்கெட்டியும் தொடாமல் நிற்கும் பயிற்சி இந்தச் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஹரமும் மலைக்காடும் ஒன்று என்று நான் கூறவில்லை. ஓர் எல்லைக்குள் உயிர்களுக்கு அபயம் தருவது மார்க்கத்துக்கு மாறானது என்று எவரும் கூற முடியாது என்றே கூறுகிறேன்.

ஆகவே போங்கள், ஆயுதமின்றிப் போங்கள். பழைய வேட்டைக்காரர்களின் ஆயத்தம் அத்தனையும் உங்களிடம் இருக்கட்டும். தீபாவளி விடுமுறையில் வேண்டாம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம், ஓடைகளில் திடீரென வெள்ளம் இறங்கும். சனவரி மாதம் நன்று. கோடை நெருங்கினால் காட்டுத்தீ அச்சம் வந்துவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி மாண்டதை மறந்துவிடாதீர்கள். அனுமதியின்றி ஓரடியும் உள்ளே வைக்கலாகாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழித்தடங்களுள் செண்பகத்தோப்பிலிருந்து புறப்படும் வழியும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு செல்லலாம்.

திருத்தங்கலிலிருந்து சிவகாசி வழியே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் செண்பகத்தோப்பு. பளியர் மக்கள் வாழும் இடம் அது. தடம் பார்ப்பதிலும் காற்றறிவதிலும் அவர்களே ஆசான்கள். மரியாதையோடு பேசி அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஓடைக்கரை ஈர மணலில் மிளாவின் குளம்படியும், உரசி மரப்பட்டை உரிந்த இடத்தில் யானை சென்ற அடையாளமும் காணலாம். காற்று உங்கள் முகத்தில் வீசும்படி நடக்க வேண்டும். முதுகில் வீசினால் உங்கள் வாடை முன்னே போய்விடும். அன்று மட்டும் அத்தர் வேண்டாம்!

மா, புளி மரங்களின் உச்சியை அண்ணாந்து நோக்குங்கள். தலையும் உடலும் ஓரடிக்கு மேல், வாலும் அதே அளவு, வெண்மை தூவிய சாம்பல் நிறம். அதுதான் அந்த அணில். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தரைக்கு இறங்க அஞ்சுவது. கிளைக்குக் கிளை தாவியே அதன் வாழ்வு. நடுவே இரண்டு மரத்தை வெட்டிவிட்டால் அதன் பாதை அறுந்துபோகும். நாம் துப்பாக்கி தூக்காமலே செய்யும் வேட்டை அது.

விடியலில் சென்றால்தான் விலங்குகள் தென்படும். எனவே முந்திய இரவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிவிட்டுப் பஜ்ருத் தொழுகையை முடித்துப் புறப்படுங்கள். தொலைவு குறைவாதலால் கஸ்ரு இல்லை; லுஹரை முழுமையாகவே தொழ வேண்டும். மங்கிய நிற ஆடை, நல்ல காலணி, குடிநீர், பேரீச்சம்பழம் போதும். நெகிழிப் பைகளும் நாய்களும் வீட்டிலேயே இருக்கட்டும். பொழுது சாயுமுன் இறங்கிவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடலாம்.