குதிரைமுகக் குமாரத்தியின் ஊரில்

எங்கள் வீட்டு முன்னறைத் தட்டில் ஒரு கிழவி இருக்கிறாள். சாண் உயரம். வளைந்த நீண்ட மூக்கு. நாடியில் ஒரு பாலுண்ணி. ஒட்டுப்போட்ட பாவாடை, தலையில் துண்டு. ஒரு விளக்குமாற்றின் மேல் ஏறி இருக்கிறாள். பழந்துணியும் பஞ்சும் வைத்துக் கையால் தைத்த பொம்மை. இத்தாலியில் பலர்மோ நகரத்தில் இருக்கிற என் தங்கை, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியது.

"சூனியக்காரியை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?" என்று அம்மா முதல் நாளே முகம் சுழித்தா. தங்கை தொலைபேசியில் விளக்கம் சொன்ன பிறகுதான் அடங்கினா.

கிழவியின் பெயர் பெபானா. இத்தாலி நாட்டுக் கிராமத்துக் கதைகளில் வருகிறவள். பாலன் யேசுவைத் தேடிப் போன மூன்று அரசர்கள் வழியில் இவள் வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். "நீயும் எங்களோடு வா" என்று கூப்பிட்டார்களாம். "வீடு கூட்டிற வேலை கிடக்கு, வர ஏலாது" என்று இவள் சொல்லிவிட்டாள். பிறகு மனம் கேட்கவில்லை. பின்னால் ஓடிப் பார்த்தாள், அவர்களைக் காணவில்லை. அன்று தொடக்கம் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 5ஆம் திகதி இரவு விளக்குமாற்றில் ஏறி வீடு வீடாகப் போகிறாள். நல்ல பிள்ளைகளின் காலுறைக்குள் இனிப்புப் போடுவாள். குழப்படிகாரருக்குக் கரித்துண்டு. விடிந்தால் 6ஆம் திகதி, மூன்று அரசர்களின் திருநாள். அவலட்சணமான கிழவிதான். ஆனால் பிள்ளைகள் அவளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இந்தப் பொம்மையை எங்கள் வீட்டில் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருப்பவ என் மச்சாள்தான்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. 2009இல் முள்ளிவாய்க்காலில் அண்ணாவை இழந்தா. அதே நாளில் அவவின் இடப்பக்கக் கன்னமும் கழுத்தும் எரிந்து போயின. கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். மச்சாள் எங்களோடு கொக்குவிலில் இருக்கிறா. பனையோலை வேலையில் கெட்டிக்காரி. கடகம், நீத்துப்பெட்டி, கிலுகிலுப்பை எல்லாம் அவவின் கையில் தானாக வரும். ஆனால் படலையைத் தாண்டிப் போவதென்றால் சேலைத் தலைப்பால் முகத்தின் பாதியை மூடிக்கொள்ளுவா. கோயில், கலியாணம், ஒன்றுக்கும் வருவதில்லை.

ஒரு நாள் மாலை ஓலை வார்ந்துகொண்டிருந்தவ, தட்டைப் பார்த்தபடி கேட்டா: "மச்சாள், இந்தக் கிழவியைப்போல எங்கட ஊரிலயும் ஒருத்தி இருந்தவ எல்லோ? குதிரைமுகம் உள்ளவ."

"மாவிட்டபுரத்து ராசகுமாரி?"

"ஓம். அந்தக் கோயிலை நான் ஒருக்காலும் பார்க்கேல்லை."

பதினைந்து ஆண்டுகளில் மச்சாள் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று சொன்னது அன்றுதான். அடுத்த சனிக்கிழமையே வெளிக்கிட்டோம்.

காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் ஏறினால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை கடந்து மாவிட்டபுரம் வரும். நாங்கள் முதலில் இணுவிலில் இறங்கினோம். அங்கே கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சந்நியாசியார் என்ற அடியவரின் முயற்சியால் உருவானது. தைப்பூசத்தன்று வீதி வலம் வரும். தேரைப்போல உயர்ந்த மரவேலை, தட்டுத் தட்டாகச் சிற்பங்கள். நாலு தலைமுறைக்கு முந்தி யாரோ உளி பிடித்த கைகளின் வேலை இன்றும் நிற்கிறது. மச்சாள் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது சேலைத் தலைப்புச் சரிந்தது. அவ அதைக் கவனிக்கவில்லை.

அங்கிருந்து எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆச்சாரியாரின் பட்டறைக்குப் போனோம். கோயில் வாகனங்கள் செய்கிறவர். ஓலைக் கொட்டிலுக்குள் மரத்தூள் மணம். ஒரு மூலையில் பாய்கிற பாவனையில் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிய குதிரை, இன்னும் வர்ணம் பூசாமல் நின்றது. வேட்டைத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளுவதற்கு. பக்கத்தில் பழுது பார்க்க வந்த யாளி. சிங்கத்தின் உடம்பும் யானையின் தும்பிக்கையும் கொண்ட, காட்டில் இல்லாத விலங்கு. சுவரோரம் கைலாச வாகனத்தின் அடிப்பாகம்: மலைக்குக் கீழே பத்துத் தலையோடு இராவணன்.

"ஐயா, குதிரைக்குக் கண் இல்லையே?" என்று மச்சாள் கேட்டா.

"கண் கடைசியாத்தான் பிள்ளை திறக்கிறது. உடம்பு முழுக்க முடிஞ்சு, வர்ணமும் பூசி, நல்ல நாள் பார்த்துத்தான் கண் திறப்பம். அதுவரைக்கும் அது மரம்."

கொட்டிலின் பின்பக்கம் மூன்று பெரிய தலைகள் வரிசையாக இருந்தன. சூரன் போருக்குரியவை. எங்கள் கோயில்களில் ஐப்பசி மாதக் கந்தசஷ்டி முடிவில் சூரன் ஆட்டுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரே மரவுடம்பு. யானைமுகத் தாரகன் வந்து மடிவான். அந்தத் தலையைக் கழற்றிச் சிங்கமுகனின் தலையைப் பூட்டுவார்கள். பிறகு சூரனின் தலை. அதுவும் போன பின் மாமரம். கடைசியில் சேவலும் மயிலும். சேவல் முருகனின் கொடியாகும், மயில் வாகனமாகும்.

"வெட்டின தலையை என்ன செய்யிறது?" என்று மகனைப்போலக் கேட்டா மச்சாள்.

ஆச்சாரியார் சிரித்தார். "எறியிறதில்லை. கழுவித் துடைச்சு, வெடிப்பு இருந்தா அடைச்சு, வர்ணம் பூசி வைப்பம். வாற வருசம் அதே தலைதான். அந்த முகம் இல்லாட்டிக் கதை நடக்காது."

பட்டறையை விட்டு வெளியே வந்த பிறகும் மச்சாள் கனநேரம் பேசவில்லை.

தெல்லிப்பழையைத் தாண்டினால் வீதியின் இருபுறமும் இரண்டு காலங்கள் தெரியும். ஒரு பக்கம் புதிதாகப் பூசிய வீடு. பக்கத்து வளவில் கூரையில்லாத சுவர், அதற்குள் வளர்ந்த மரம். வலிகாமம் வடக்குச் சனங்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். 2009க்குப் பிறகு கட்டம் கட்டமாகத்தான் காணிகள் விடுபட்டன. இன்னும் விடுபடாத காணிகளும் இருக்கின்றன. 2015இல் காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிழலில் இருந்து கதையைச் சொன்னேன். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையிலும் இந்தக் கதை உண்டு. சோழ அரசனின் மகள் மாருதப்புரவீகவல்லி. அவளுக்குத் தீராத குன்மநோய், முகமோ குதிரைமுகம். எத்தனையோ தீர்த்தங்களில் மூழ்கியும் மாறவில்லை. ஒரு முனிவரின் சொல்கேட்டுக் கடல் கடந்து கீரிமலைக்கு வந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு முனிவர் இருந்தார், நகுலமுனி. நகுலம் என்றால் கீரி. கீரியின் முகத்தோடு இருந்த அவருக்கு அந்த நீரிலே முகம் மாறியதாம். ராசகுமாரியும் அங்கே நீராடினாள், குதிரைமுகம் நீங்கியது. நன்றிக்கடனாக முருகனுக்குக் கோயில் எடுத்தாள். மா என்றால் குதிரை. குதிரைமுகம் விட்ட இடம் மாவிட்டபுரம். தந்தையார் அனுப்பிய காங்கேயன் விக்கிரகம் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை. அவளைக் கைப்பிடித்த உக்கிரசிங்கன் என்ற அரசனுக்குச் சிங்கமுகம் என்றும் சொல்லுவார்கள்.

சரித்திரமா, கதையா என்று அறிஞர்கள் ஆராயட்டும். எங்கள் ஊர்களின் பெயர்களில் இந்தக் கதை இருக்கிறது.

மச்சாள் முழுவதையும் கேட்டா. பிறகு மெல்லச் சொன்னா:

"அவவுக்கு முகம் மாறிச்சு மச்சாள். எனக்கு மாறாது."

வாசகியரே, எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆறுதல் சொல்லப் போய் அவவின் காயத்திலேயே கை வைத்துவிட்டேனோ என்று நெஞ்சு பதறியது. "கடவுள் இருக்கிறார்" என்று சொல்லலாம். பதினைந்து ஆண்டுகளாக எல்லோரும் அவவுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மச்சாளே தொடர்ந்தா. "ஆனா ஒண்டு பாருங்கோ. வடிவான முகம் வந்த பிறகு அவ எப்பிடி இருந்தவ எண்டு ஆருக்கும் தெரியாது. குதிரைமுகம்தான் எல்லாருக்கும் ஞாபகம். ஊருக்கும் அந்தப் பேர்தான் வைச்சிருக்கினம்."

சுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் கீரிமலைக்குப் போனோம். மேற்கே திரும்புகிற வீதி, கடல் வரைக்கும். கடலோடு ஒட்டியே கேணி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்று. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் நிலத்தின் கீழ் வருகிற நீர். ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் இங்கேதான் திரண்டு வந்து பிதிர்க்கடன் செய்வார்கள். அன்றுதான் மாவிட்டபுரத்துச் சுவாமியும் தீர்த்தமாட வருவார். மச்சாளின் மகனும் ஆண்டுதோறும் வந்து அண்ணாவுக்குச் செய்கிறான். மச்சாள் அவனை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவா.

பெண்களுக்குத் தனியாக, சுற்றிவரச் சுவர் கட்டிய கேணி உண்டு. உள்ளே நாலைந்து பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மா மச்சாளை நிமிர்ந்து பார்த்தா. எனக்கு மனம் திடுக்கிட்டது. அந்த அம்மா, "படி வழுக்கும், கையைப் பிடியுங்கோ பிள்ளை" என்று தன் கையை நீட்டினா. அவவின் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. மச்சாள் கையைப் பிடித்து இறங்கினா, மூன்று முறை மூழ்கி எழுந்தா. முகம் மாறவில்லை. ஈரத்தலையோடு படியில் நெடுநேரம் இருந்தா. சேலைத் தலைப்பு மடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஓலை எடுத்தா. குதிரைமுகக் குமாரத்தியைச் செய்யப் போகிறேன் என்றா.

செய்த விதத்தையும் சொல்லுகிறேன். ஓலை வேலை தெரிந்த சகோதரிகள் செய்து பார்க்கலாம். சார்வோலையை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து எடுக்க வேண்டும். பாவாடைக்கு உரிய ஓலையைச் சாயம் கரைத்த கொதிநீரில் அவித்து நிழலில் உலர்த்த வேண்டும். உடம்புக்குக் குட்டான் பின்னுவதுபோல அடியில் தொடங்கி மேலே ஒடுக்கிக்கொண்டு போகலாம். கைகளுக்கு ஈர்க்கை உள்ளே வைத்துச் சுற்றினால் வளைத்து விடலாம். பின்னும்போது ஓலை முறியாமல் இருக்க ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

முகம்தான் கஷ்டம். முதல் முகம் மாட்டைப்போல வந்தது. பிரித்தா. இரண்டாவது, அம்மா பார்த்துவிட்டு "நாய்" என்றா. எல்லோரும் சிரித்தோம், மச்சாளும்தான். அதையும் பிரித்து, வார்ந்த ஓலையை இன்னும் மெல்லிதாக்கி மூன்றாவது முறை பின்னினா. நீண்ட முகம், நிமிர்ந்த இரண்டு காது, பிடரியில் நார். குதிரைதான், ஆனால் ஒரு பெண்ணின் பார்வை. கண்ணுக்கு இரண்டு குண்டுமணி. அவற்றைக் கடைசியாகத்தான் வைத்தா.

"குளிச்சு எழும்பின பிறகு உள்ள முகத்தைச் செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது ஆரும் செய்வினம். இந்த முகத்தோடதான் அவ கடல் கடந்து வந்தவ. இந்த முகத்தைத்தான் செய்ய வேணும்."

முதல் குமாரத்தி பலர்மோவுக்குப் போயிருக்கிறாள். தங்கை படம் எடுத்து அனுப்பியிருந்தாள்: அங்கே அவள் வீட்டில் பெபானாக் கிழவிக்குப் பக்கத்தில் எங்கள் ஓலைப் பெண். தங்கையின் மகள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து சிரிக்கிறாள். இரண்டாவது எங்கள் முன்னறைத் தட்டில் இருக்கிறாள். அம்மா இப்போது முகம் சுழிப்பதில்லை.

மச்சாள் இப்போது மூன்றாவதைப் பின்னுகிறா. கேணியில் கைகொடுத்த அந்த அம்மாவுக்காம். பெயரோ ஊரோ தெரியாது. "ஆடி அமாவாசைக்கு அவவும் வருவா. நானும் மகனோட போவன், அப்ப குடுப்பன்" என்கிறா.