பீரோவைத் திறந்து வைத்துவிட்டு வாசிக்கவும்

கிட்டார் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, கையில் காசு இல்லை. வீட்டிலேயே ரெக்கார்டிங் பண்ண முடியுமா? முடியும். முதலில் ஃபேனை நிறுத்துங்கள்.

மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் ஒரு பாட்டு வாசிப்பது தவம்தான். ஆனால் கிட்டார் வாங்குகிற பையன்கள் முதலில் தடவிப் பார்க்கும் ‘இளைய நிலா’ மாதிரி, விரலால் மீட்டுகிற பாட்டுக்குச் சத்தம் குறைவு. மைக்கின் அளவை ஏற்றினால் ஃபேனும் கூடவே ஏறும். அப்புறம் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், கம்பியின் மினுமினுப்பும் சேர்ந்தே துடைபட்டுப் போகும்.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்கிறவர்களிடம் ஒரு பழைய உபாயம் உண்டு: ஃபிரிட்ஜை அணைத்ததும் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

நல்ல நேரம்: இரவு பதினொன்றுக்கு மேல், அல்லது பால்காரர் வருவதற்கு முன்.

*

பத்துக்குப் பத்து வாடகை அறை, சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவே பட்டுப் பட்டுத் திரும்பி ‘ட்ரிங்’ என்று முடியும். ரெக்கார்டிங்கில் ஒவ்வொரு சுரத்தின் வாலிலும் அந்த ‘ட்ரிங்’ ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஃபோம் வாங்க வேண்டாம். துணி நிறைந்த பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். காலடியில் ஜமுக்காளம். மறுபடி கை தட்டினால் வித்தியாசம் தெரியும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. சத்தத்தை உறிஞ்சுகிற கனம் அதற்குக் கிடையாது. பல்லி குடியிருக்க வசதி.

1936 நவம்பரில், டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் கன்டர் ஹோட்டல் அறையில், ரெக்கார்டிங்குக்காக ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தார். கூச்சம் என்றார்கள். கிட்டார் கலைஞர் ரை கூடர் அதை ஏற்கவில்லை. மூலையில் மோதித் திரும்பும் ஒலிக்காகத்தான் அப்படி உட்கார்ந்திருப்பார் என்றார். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. அதற்காக நம் டைல்ஸ் அறையில் மூலையைத் தேடிப் போக வேண்டாம், காது கூசும்.

*

மைக்கை எல்லோரும் கிட்டாரின் துளைக்கு நேரே வைக்கிறார்கள். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்ற நியாயம். பதிவாவது ‘பும் பும்’. பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் வாக்கில் தானாகவே அதிரும். அந்த முழக்கம் துளை வழியாகத்தான் வெளியே வரும். போனோ மைக்கோ, 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் இடையில் வையுங்கள். இதைவிட நல்ல இடம் வேண்டுமானால், தம்பியையோ நண்பரையோ வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்ற காதைக் கிட்டாரைச் சுற்றிக் கொண்டுபோங்கள். எங்கே இனிக்கிறதோ அங்கே மைக்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பதிய வேண்டாம். அது பேச்சுக்காக அமைத்தது. நீண்டு ஒலிக்கிற கம்பியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். வேவ் கோப்பாகப் பதிகிற ஆப் போதும். அதில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள்.

அளவு: பலமாக அடிக்கும்போதும் −12 டெசிபலைத் தாண்டாமல். 1968இல் ராக் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ பாட்டுக்கு ஒரு சின்ன பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரில் சாதாரண மரக் கிட்டாரை வேண்டுமென்றே அளவு மீறிப் பதிந்தார். டேப்பில் அது கரகரத்து அழகானது. போனில் சிவப்பைத் தொட்டால் வெறும் நாராசம்.

*

1982 ஜனவரி. நியூ ஜெர்சி, கோல்ட்ஸ் நெக். வாடகை வீட்டுப் படுக்கையறையில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நான்கு ட்ராக் பதியும் டாஸ்காம் 144 கேசட் இயந்திரம், இரண்டு ஷுர் எஸ்எம்57 மைக். பேண்ட் ஆட்களுக்குப் போட்டுக் காட்டத்தான் பதிந்தார். எல்லாவற்றையும் கலந்து இறக்கியது ஒரு பழைய பானசானிக் டேப் ரெக்கார்டரில். பிறகு அதே பாட்டுகளை முழு பேண்டுடன் ஸ்டூடியோவில் பதிந்து பார்த்தார்கள். கேசட்டில் இருந்தது அங்கே வரவில்லை. உறைகூட இல்லாமல் அவர் பையில் கிடந்த அந்தக் கேசட்டிலிருந்தே இசைத்தட்டு போட்டார்கள். அதுதான் ‘நெப்ராஸ்கா’. அதே வருஷம் செப்டம்பரில் வெளிவந்தது.

இதைக் காட்டி ‘சாமான் ஒன்றுமே இல்லை’ என்று சிலர் பேசுவார்கள். அதற்கு முன்பே ஐந்து ஆல்பம் போட்ட கை அது. டாஸ்காமும் அன்றைக்கு மலிவுச் சரக்கு இல்லை. நமக்கு வேண்டிய பாடம் சின்னது: நான்கே ட்ராக் என்றால் தேவையில்லாததைச் சேர்க்க இடமிருக்காது. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் வேண்டிய மட்டும் ட்ராக் போடலாம். போடாதீர்கள்.

*

இரண்டு ட்ராக் போதும் என்பேன். ஒரே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளினால் ஒலி அகலமாகும். ஒன்றையே நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலாது, சத்தம்தான் கூடும். கையின் சிறு பிசகுகள்தான் அகலத்தைத் தருகின்றன. கீழ்வீட்டு அம்மாவுக்கு இது புரியாது. “ஏன் தம்பி, அதையேதானே காலைலேர்ந்து வாசிக்கிறீங்க?”

*

எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் லேப்டாப்பின் மைக் துளையில் நேரே செருக வேண்டாம். பிக்கப்புக்கு 1 மெகா ஓம் வாக்கில் உள்ளீடு வேண்டும். அது இல்லாமல் ஒலி மழுங்கிப்போகும். கிட்டாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று போட்டிருக்கும் துளை அதற்குத்தான். ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

*

காசு வந்தால் எதை முதலில் வாங்குவது? புது ஸ்ட்ரிங் செட். துருப்பிடித்த கம்பியை எந்த மைக்கும் காப்பாற்றாது. அப்புறம், போன் ஆடாமல் நிற்க ஒரு ஸ்டாண்டு. பிறகு காதை முழுக்க மூடும் ஹெட்போன். அதற்குப் பின் செகண்ட்ஹேண்டில் ஒரு இன்டர்ஃபேஸ். மைக் கடைசி, அதுவரை நண்பரிடம் இரவல் வாங்குங்கள்.